கைராசிக்காரியின் பிளாஸ்திரி

எங்கள் முதியோர் இல்லத்தில் யாருக்காவது ரத்தம் எடுக்க வேண்டும் என்றால் நர்ஸ் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார். அவள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பெரியவரின் இன்னொரு கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு, தன் முகத்தை அவர் முகத்துக்கு நேரே கொண்டுபோவாள்.

"என்னைப் பாருங்க. என்னை மட்டும் பாருங்க. என் மூக்கு கோணலா இருக்கா, சொல்லுங்க."

அவர் மூக்கை ஆராய்ந்து முடிப்பதற்குள் நர்ஸ் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பார். வலிக்கவே இல்லை என்பார் பெரியவர். உன் மூக்கு கோணல்தான் என்றும் சேர்த்துச் சொல்வார். இப்படித்தான் அவளுக்குக் கைராசி என்று பேர் வந்தது. சம்பளம் போடுகிறவர்கூட அவளை அப்படித்தான் கூப்பிட்டார்.

நானும் அவளும் ஒரே பயிற்சி வகுப்பில் படித்தவர்கள். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, படுக்கையிலேயே உடம்பு துடைப்பது, விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு ஊட்டுவது எல்லாவற்றையும் ஒரு ரப்பர் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். நாங்கள் எல்லாம் அதை மூட்டை மாதிரிப் புரட்டினோம். அவள் மட்டும், "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிக்கறீங்களா?" என்று பொம்மையிடம் கேட்டுவிட்டுப் புரட்டினாள். வகுப்பே சிரித்தது. பாடம் எடுத்த அம்மா சிரிக்கவில்லை. தேர்வில் அவள்தான் முதலில் வந்தாள். எனக்கு அதில் வயிற்றெரிச்சல் இருந்தது. பிறகு ஒரே இடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அவள் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்ததில் அது தானாகப் போய்விட்டது.

அவள் கணவர் சரக்கு லாரி ஓட்டியவர். ஒரு முறை லோடு ஏற்றிக்கொண்டு போனவர் வேறொரு ஊரில் வேறொரு குடும்பமாகத் தங்கிவிட்டார். அந்தச் செய்தி வந்த மறுநாளும் அவள் ஷிப்டுக்கு வந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மகளைத் தனி ஆளாக வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். மகள் தொலைவில் இருந்தாள், விசேஷமாக ஏதாவது இருந்தால் போன் பண்ணுவாள். அவளுக்கு இல்லமே வீடு என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. வேலை செய்கிற இடம் வேலை செய்கிற இடம்தான். ஆனால் ஒன்று உண்மை. அவள் குடியிருந்த தெருவில் அவள் லாரிக்காரன் விட்டுவிட்டுப் போன பெண். இல்லத்துக்குள் நுழைந்துவிட்டால் கைராசி. அவளுக்கென்று இருந்த நல்ல பேர் அது ஒன்றுதான்.

அவளுக்கு அருவருப்பு கிடையாது. படுக்கைப்புண்ணைக் கழுவுவாள். வாந்தியை வெறுங்கையால் ஏந்தியிருக்கிறாள். உயிர் போனவர்களின் கண்ணை மூடி, தாடையைக் கட்டி, தலை சீவிவிட்டுத்தான் சொந்தக்காரர்களைக் கூப்பிடுவாள். பயம் என்ற ஒன்று அவளுக்கு உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

இல்லத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேல்மாடியில் தன்னைத் தானே ஓரளவு பார்த்துக்கொள்ளக் கூடியவர்கள் இருந்தார்கள். பெரிய ஜன்னல்கள், நடுவில் ஒரு கூடம், அங்கே டீயும் அரட்டையும் சீட்டாட்டமும். கீழே, சமையலறையைத் தாண்டி, எண் பூட்டு போட்ட கதவுக்குப் பின்னால் இன்னொரு பகுதி. ஞாபகம் போனவர்களுக்கு. அதற்கு ஒரு நல்ல பேர் வைத்துப் பலகை மாட்டியிருந்தார்கள். பலகையை யாரும் படிக்கவில்லை, பின்கட்டு என்றுதான் சொன்னார்கள். மேல்மாடிக்காரர்களுக்குச் சாவைவிடப் பின்கட்டின் மேல்தான் பயம் அதிகம். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மறந்துவிட்டால்கூட எங்களிடம் கேட்க மாட்டார்கள். கமுக்கமாகத் தாங்களே தேடுவார்கள்.

முந்தைய குளிர்காலத்தில் காய்ச்சல் ஒன்று வந்து இல்லத்தைத் துவைத்துப் போட்டது. வேலைக்காரர்களில் ஒருத்தி இருமிக்கொண்டே வந்திருக்கிறாள். சளிதானே என்று விட்டுவிட்டோம். அது கட்டில் கட்டிலாகத் தாவியது. வரிசையாகக் கட்டில்கள் காலியாயின. மேல்மாடியில் தபால்காரர் ஒருவர் போனார். ஓய்வு பெறும்வரை தெருத் தெருவாக நடந்தவர், கடைசியில் மூச்சு விடுவதற்கே எழுந்து உட்கார வேண்டியிருந்தது. அவருடைய அறைக்கூட்டாளி தையல்காரர். அவரை நாங்கள் டெய்லர் அப்பா என்று கூப்பிடுவோம்.

அதற்குப் பிறகுதான் விதி வந்தது. இல்லத்தில் தங்கியிருக்கிறவர்கள், வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் வருடா வருடம் குளிர் தொடங்குமுன் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். உடம்பு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டாக்டர் விலக்கு தருவார். போடாமல் இருக்கிற வேலைக்காரர்கள், காரணம் எதுவானாலும், மாஸ்க் போட்டுக்கொண்டு சலவைக்கோ சமையலறைக்கோ மாறிக்கொள்ளலாம், பெரியவர்கள் பக்கத்தில் வரக்கூடாது. இதுதான் விதி. இதில் கொடுமை எதுவும் இல்லை. எங்கள் கைபட்டுத்தான் அவர்கள் சாப்பிடுகிறார்கள், குளிக்கிறார்கள், எங்கள் மூச்சு அவர்கள் முகத்தின் மேல்தான் படுகிறது. அப்படி இருக்கும்போது இதைக்கூடக் கேட்காமல் இருந்தால்தான் தப்பு.

முதலில் வேலைக்காரர்கள், பிறகு பெரியவர்கள் என்று இல்லத்தை நடத்துகிற மேட்ரன் ஏற்பாடு பண்ணினார். கீழே ஒரு நர்ஸ், மேலே ஒரு நர்ஸ், யாரிடம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். போட்டவுடன் தோளுக்குக் கீழே வட்டமாக ஒரு வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டுவார்கள். எங்கள் சீருடையில் கை குட்டை. அதனால் பிளாஸ்திரி வெளியே தெரியும். பிளாஸ்திரி இருந்தால் போட்டாயிற்று என்று பொருள். மறுநாள் தானே சுற்றி வந்து பார்க்கப்போவதாகவும், அதுவரைக்கும் யாரும் கழற்றக்கூடாது என்றும் மேட்ரன் சொல்லிவிட்டார். பெரியவர்களும் எங்கள் கைகளைப் பார்த்துத் தைரியப்பட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

எண்ணம் பலித்தது. கைராசி பிளாஸ்திரியோடு கூடத்துக்கு வந்தாள். ஒவ்வொருவரிடமும் போய் உட்கார்ந்தாள். முரண்டு பிடித்தவர்கள்கூடக் கையை நீட்டினார்கள். கடைசி ஆள் டெய்லர் அப்பா. அவருக்கு ஊசி என்றால் உதறல். ஆயுசு முழுக்க ஊசியோடு பிழைத்தவர் இப்படிப் பயப்படலாமா என்று மற்றவர்கள் கிண்டல் பண்ணினார்கள். அந்த ஊசி என் கையில் இருந்தது, இந்த ஊசி இன்னொருத்தர் கையில் இருக்கிறது என்றார் அவர். நியாயமான பேச்சுதான்.

அவர் கைராசியிடம் கேட்டாராம், உனக்குப் போட்டாயிற்றா என்று. அவள் தோளைத் திருப்பிக் காட்டினாள். அவர் பிளாஸ்திரியைப் பார்த்தார். தையல்காரர் இல்லையா, கூடவே சட்டைக் கையின் ஓரத்தையும் பார்த்தார்.

"நூல் பிரிஞ்சு தொங்குதேம்மா. கழட்டிக் குடு, ஒரு நிமிஷத்துல அடிச்சுத் தர்றேன்."

அப்புறம் தருகிறேன் அப்பா என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் மூக்கைப் பார்த்தார். ஊசி இறங்கியது. தபால்காரருக்கு இது கிடைத்திருந்தால் இன்றைக்கு எதிரே உட்கார்ந்து சீட்டாடியிருப்பார் என்று மட்டும் சொன்னாராம்.

மறுநாள் மேட்ரன் சுற்றி வந்தபோது நானும் கூட இருந்தேன். மேல்மாடி ஷிப்டுக்கு நான்தான் பொறுப்பு. எல்லார் கையிலும் பிளாஸ்திரி இருந்தது. கைராசி தன் வலது தோளைக் காட்டினாள். மேட்ரன் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். நான் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு என் தங்கை வீட்டுக்குப் போனேன்.

நான் இல்லாத நாட்களில் நடந்ததைக் கூடத்தைத் துடைக்கிற பெண்தான் சொன்னாள். அன்று சாயங்காலம் டீ நேரத்தில் டெய்லர் அப்பா கைராசியைப் பார்த்து, நேற்று நூல் பிரிந்த கைக்குக் கீழே இருந்த பிளாஸ்திரி இன்றைக்கு எப்படி இந்தக் கைக்கு வந்தது என்று கேட்டிருக்கிறார். வேறு எந்த எண்ணமும் இல்லை. சட்டையைத் தைக்கக் கொடுக்கவில்லையே என்ற ஞாபகத்தில் பார்த்தவர், கண்ணில் பட்டதைக் கேட்டார். அவ்வளவுதான்.

அவள் சிரித்திருக்கிறாள்.

"நேத்தும் இந்தக் கைதான்ப்பா. உங்களுக்குத்தான் இடம் எது, வலம் எதுன்னு குழம்பிப்போச்சு."

கூடம் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இல்லையே, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறதே என்றார். சீட்டாட வந்தவர், டெய்லரே, அடுத்த ஸ்டாப் பின்கட்டுதான், இறங்கத் தயாரா இருங்க என்றார். மறுபடியும் சிரிப்பு. அந்தக் கேலிதான் அவரை உசுப்பிவிட்டது. அவர் போய் நர்ஸிடம் சொன்னார். நர்ஸ் கைராசியைக் கேட்டார்.

அந்த இடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால்கூடப் போதும். ஏதோ வயசானவர் சொல்கிறார் என்று நர்ஸ் விட்டிருப்பார். அவள் குரலைத் தாழ்த்தி, அவருக்குக் கொஞ்ச நாளாகவே இப்படித்தான் இருக்கிறது சிஸ்டர், மருந்து சாப்பிட்டதையே மறந்துவிடுகிறார், போனவரை இருக்கிறார் என்று நினைத்துப் பேசுகிறார் என்று சொன்னாள்.

சொன்னது வேறு யாராவது என்றால் நர்ஸ் யோசித்திருப்பார். சொன்னது கைராசி. டாக்டர் வந்தார். என்ன கிழமை, என்ன மாதம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று கேட்டார். டெய்லர் அப்பாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. கிழமை கிடக்கட்டும் டாக்டர், முதலில் அவள் கையைப் பாருங்கள் என்றார். ஏழைக் கழித்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்றார். கேட்ட எதற்கும் பதில் சொல்லவில்லை. திரும்பத் திரும்பக் கையைப் பற்றியே பேசினார். டாக்டர் அவர் மகனுக்குப் போன் போட்டார். அப்பாவுக்கு எது நல்லதோ அதைச் செய்யுங்கள் என்று மகன் சொல்லிவிட்டான். பின்கட்டில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. நான் வேலைக்குத் திரும்பிய மறுநாள் அவரை மாற்றுவதாக முடிவாகியிருந்தது.

நான் போய்ப் பார்த்தபோது ஜன்னலோரம் உட்கார்ந்து தன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார். சரியாகப் போட்டிருக்கிறேனா என்று என்னைக் கேட்டார். அந்த மனிதர் அதுவரைக்கும் அப்படி யாரையும் கேட்டதில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்குப் பொத்தான் மாட்டிவிடுகிறவரே அவர்தான். காலையில் சாப்பிட்டேனா என்றும் கேட்டார். சாப்பிட்டீர்கள் என்றேன். சாப்பிட்ட ஞாபகம் இருந்தது, இருந்தாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று கேட்டேன் என்றார். பிறகு பிளாஸ்திரிக் கதை முழுவதையும் முன்பின் மாறாமல் சொன்னார். நூல் பிரிந்த சட்டைக்கை. அதற்குக் கீழே பிளாஸ்திரி. சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஒருவேளை நான்தான் தப்பா? நீ சொல்லும்மா. நீ சொன்னா நான் ஒத்துக்கறேன்."

நான் சலவைப் பிரிவுக்குப் போனேன். கைராசியின் பழைய சீருடை துவைத்து மடித்து அலமாரியில் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். வலது கையில் தையல் சரியாக இருந்தது. இடது கையின் ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. மேட்ரனிடம் அவள் காட்டியது வலது கை. அதை என் கண்ணால் பார்த்தவள் நான்.

அன்று மத்தியானம் ஒரு பாட்டிக்கு ரத்தம் எடுத்தார்கள். வழக்கம்போல் கைராசி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். இத்தனை வருடங்களாக நான் நர்ஸ் பக்கம் நின்று நோயாளியைத்தான் பார்ப்பேன். அன்றைக்கு அவளைப் பார்த்தேன். நர்ஸ் ஊசி மூடியைக் கழற்றிய சத்தம் கேட்டதும் பாட்டி அசையவில்லை. கைராசியின் கழுத்து நரம்பு புடைத்தது. ஊசி வைத்திருந்த தட்டு இருந்த திசைக்கே அவள் கண் போகவில்லை. என்னைப் பாருங்க, என்னை மட்டும் பாருங்க என்றாள். பாட்டி பார்க்காமல் இருப்பதற்காக அவள் அப்படிச் சொல்கிறாள் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். உண்மையில் கைராசிக்குத்தான் பார்க்க ஒரு முகம் வேண்டியிருந்தது.

ஷிப்ட் முடிந்ததும் துணி அறைக்கு அவளைக் கூப்பிட்டேன். விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும், அதனால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டோம்.

"எந்தக் கையில போட்டுக்கிட்டே?"

"வலது கையில. ஏன், அவர் பாட்டை நீயும் பாட ஆரம்பிச்சுட்டியா?"

"நூல் பிரிஞ்சிருக்கறது இடது கை. உன் சட்டையைப் பார்த்துட்டுத்தான் வர்றேன்."

அவள் தன் முனையை என் முனையோடு சேர்த்தாள். விரிப்பை நீவினாள். மடிப்பு கோணாமல் இருக்கிறதா என்று பார்த்தாள். எனக்குப் பொறுமை போனது.

"அடி, போட்டுக்கிட்டியா, இல்லையா?"

"இல்ல."

மேலே இருந்த நர்ஸ் கேட்டதற்குக் கீழே போட்டுக்கொண்டேன் என்று சொல்லியிருக்கிறாள். கீழே யாரும் கேட்கவே இல்லை. தட்டில் இருந்த பிளாஸ்திரியை எடுத்துத் தானே ஒட்டிக்கொண்டாள். ராத்திரி குளித்ததில் அது விழுந்துவிட்டது. மறுநாள் மேட்ரன் வருகிற அவசரத்தில் இன்னொன்றைக் கண்ணாடி பார்த்து ஒட்டியதில் கை மாறிவிட்டது. ஊசியைப் பார்த்தால் காதில் இரைச்சல் கேட்கும், கால் துவண்டுவிடும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் என்றாள். இதைச் சொன்னபோது அவள் பொய் சொல்லவில்லை. எனக்குக் கோபமும் வரவில்லை. பயம் யாருக்கு இல்லை?

"சொல்லியிருக்கலாமேடி. மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு சலவைக்குப் போயிருக்கலாம். யாரு உன்னைத் தின்னப்போறாங்க?"

"கைராசிக்கே ஊசின்னா பயம்னு தெரிஞ்சா, அப்புறம் யாரு என்கிட்டக் கையைக் குடுப்பாங்க?"

"அதுக்காக நல்லா இருக்கற மனுஷனைப் பைத்தியமாக்குவியா?"

"சிரிச்சுட்டு விட்டுடுவாருன்னு நினைச்சேன். விடமாட்டேன்னு நிக்கறாரே, நான் என்ன பண்ண?" அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள். "பின்கட்டு என்ன ஜெயிலா? நான்தான் தினமும் அங்க போறேனே. மத்தவங்களைவிட நல்லாப் பாத்துக்கறேன், போதுமா?"

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. நல்லாப் பாத்துக்கறேன் என்று அவள் மனதாரத்தான் சொன்னாள். அவரை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு, அவருக்கு வேளாவேளைக்கு ஊட்டி, தலை சீவி, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளால் அது முடியும்.

என் முகத்தைப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. விரிப்பைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். காலையில் முதல் வேலையாக நானே மேட்ரனிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன், நீ சொல்லாதே, நானாகச் சொன்னால் அது வேறு என்றாள். சரி என்றேன். தானே சொன்னால் வேலை போனாலும் மரியாதை மிஞ்சும். அவரை மாற்றுவதும் காலை டாக்டர் வந்த பிறகுதான். அவள் வாக்குக் கொடுத்து நடக்காமல் போனது என்று அதுவரைக்கும் ஒன்றும் இல்லை.

காலையில் நான் மேல்மாடிக்கு ஏறியபோது டெய்லர் அப்பாவின் கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. ஜன்னல் ஓரத்தில் இருந்த அவருடைய செருப்பு இல்லை. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கேட்டேன்.

"இன்னிக்கு டாக்டர் சீக்கிரமே வந்துட்டார்க்கா. இப்பத்தான் கொண்டுபோனாங்க. சண்டை போடுவார்னு ரெண்டு ஆம்பளை ஆளுங்களை வரச்சொல்லியிருந்தாங்க. தேவையே படலக்கா. அதுக்கு முன்னாடியே கைராசியக்கா வந்துட்டாங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு, என்னைப் பாருங்கப்பான்னாங்க. பேசாம எழுந்து போயிட்டார்."

நான் நேராக மேட்ரன் அறைக்குப் போனேன். கைராசியைக் கூப்பிட்டார்கள். அவள் எதையும் மறுக்கவில்லை, எதையும் விளக்கவும் இல்லை.  ஊசி போட்டுக்கொள்ளாததற்கு வேறு வேலை கொடுத்திருப்பேன், இதற்குக் கொடுக்க என்னிடம் எந்த வேலையும் இல்லை என்றார் மேட்ரன். அவள் சாவியையும் சீருடையையும் வைத்துவிட்டு வெளியே வந்தாள். டெய்லர் அப்பாவைப் பார்க்கப் போகவில்லை. வாசல் நடையில் என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"உன்னை நம்பித்தானே சொன்னேன்."

அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அவள் கண்ணில் துரோகி நான். அதை அவள் உண்மையிலேயே நம்பினாள்.

அவளை அனுப்பிவிட்டதால் அவர் தானாக மேலே வந்துவிட முடியாது. டாக்டர் எழுதியது எழுதியதுதான், மறுபடி சோதிக்க வேண்டும், கேட்கிற கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். நான் பின்கட்டுக்குப் போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அங்கே ஒரு அம்மா, இல்லாத ஒரு குழந்தையைத் தேடிக்கொண்டு வட்டமாக நடந்துகொண்டிருந்தார். ஒருவர் கதவின் எண்களை விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். அவர்களுக்கு நடுவில் டெய்லர் அப்பா அடக்கமாக, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் உட்கார்ந்திருக்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இல்லம்மா. நான்தான் குழப்பிக்கிட்டேன். அவ எதுக்குப் பொய் சொல்லப்போறா? பாவம், அவளைப் போய் வேலையைவிட்டு எடுத்துட்டீங்களே."

அவளே ஒத்துக்கொண்டாள் அப்பா என்றேன். எனக்காக ஒத்துக்கொண்டிருப்பாள், அவள் மனசு அப்படி என்றார். டாக்டரிடமும் இதையேதான் சொல்வேன் என்றார். சொன்னால் ஆயுசுக்கும் அங்கேதான் இருந்திருப்பார்.

மறுபடியும் சலவைப் பிரிவுக்கு ஓடினேன். அலமாரியில் இருந்த அவளுடைய அந்த நூல் பிரிந்த சீருடையைத் தேடி எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன்.  அவர் சட்டையைப் புரட்டினார். பொத்தான் பக்கம் மேலே வரும்படி முழங்காலில் விரித்தார். விரல் தானாகக் கைகளின் ஓரத்துக்குப் போனது. முதலில் வலது கை. பிறகு இடது. பிரிந்த நூலை விரலில் சுற்றினார்.

"இதுதான். இதுக்குக் கீழதான் இருந்துச்சு."

"ஆமாப்பா."

"அப்படின்னா எனக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்ல."

"அவளுக்குத் தெரியும், எனக்கு ஒண்ணும் இல்லேன்னு. தெரிஞ்சேதான் கையைப் பிடிச்சு இங்க கூட்டிட்டு வந்தா."

 வட்டமாக நடந்துகொண்டிருந்த அம்மா எங்களைத் தாண்டிப் போனார், திரும்ப வந்தார்.

"எனக்குப் புத்தி பிசகியிருந்தாலே தேவலைம்மா" என்றார் டெய்லர் அப்பா.

டாக்டர் மறுபடி வந்தார். டெய்லர் அப்பா கிழமையைச் சொன்னார், மாதத்தைச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கடைசிவரை கழித்தார். மேலே கூட்டிவந்தோம். அவருடைய ஜன்னலோரக் கட்டிலை அதற்குள் வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். கதவோரக் கட்டில்தான் கிடைத்தது. பரவாயில்லை என்றார். சீட்டாடக் கூப்பிட்டவரிடம் வேண்டாம் என்றார். அந்தச் சீருடையைக் கேட்டு வாங்கி, இடது கையை அடித்துக் கொடுத்தார். எதற்கு இப்போது என்று கேட்டேன். அடுத்து வருகிறவள் போடுவாள் இல்லையா என்றார்.

கைராசி இப்போது யாரோ ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிற அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அந்த வீட்டில் ஊசி போட்டிருக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லையாம். வேலை மணியாக இருக்கிறதாம். அங்கேயும் அவளுக்கு அந்தப் பேர்தானாம்.

எங்கள் இல்லத்தில் அடுத்த குளிருக்கு முன்னால் ஏற்பாடு மாறியது. வேலைக்காரர்கள் எல்லாரும் கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெரியவர்கள் கண் முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும். எனக்குப் போட்டு முடிந்து நான் எழுந்து நேராக டெய்லர் அப்பாவிடம் போனேன். அவர் என் தோளைப் பார்த்தார்.

"பிரிச்சுக் காட்டு" என்றார்.

நர்ஸ் குத்தியதை அவர் எட்ட இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இருந்தாலும் நான் பிளாஸ்திரியைப் பாதி பிரித்துக் காட்டினேன். பொட்டு மாதிரி ரத்தம் இருந்தது. குனிந்து பார்த்தார். இரண்டு சட்டைக்கைகளின் ஓரத்தையும் பார்த்தார். சரி என்று தன் கையை நர்ஸிடம் நீட்டினார்.

கையைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். இன்னொரு கையால் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஊசி இறங்குவதைக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.